விளக்கில்லாத சாலையில் இரவு சைக்கிள்: முன்விளக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சிறுசேரி சிப்காட்டில் வேலை, இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடிகிறது, புதுப்பாக்கம் வழியாக மாம்பாக்கம் வரை சைக்கிளில் வீடு திரும்புகிறீர்கள், வழியில் பாதிக்கு மேல் தெருவிளக்கு இல்லை. 3000 ரூபாய்க்குள் எத்தனை லூமன் விளக்கு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பெட்டியில் 1000 லூமன் என்று போட்ட விளக்கு இப்போதே இருக்கிறது, அது இருந்தும் போன வாரம் பெயின்ட் அடிக்காத ஒரு வேகத்தடையில் ஏறி விழப் பார்த்தேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வேகத்தடையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நானும் பல வருடம் மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு இரவில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். முதலில் வாங்கியது உங்களுடையதைப் போன்ற விளக்குதான். உருண்டைக் கண்ணாடி, நடுவில் ஒரு எல்இடி, டார்ச் மாதிரி. ஒரு நவம்பர் மாத இரவு, மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். முன்சக்கரத்துக்கு மூன்று, நான்கு மீட்டர் முன்னால் வட்டமாக, கண் கூசும் அளவுக்கு வெள்ளை வெளிச்சம். அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை, கறுப்புத் துணி தொங்கவிட்ட மாதிரி. முதலில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகுதான் ஈரமான ஒரு கொம்பின் முனை மட்டும் மினுங்கியது. எருமை. சாலையின் குறுக்கே படுத்திருந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்து நின்றபோது அதன் முதுகை எட்டித் தொட்டுவிடலாம் போலிருந்தது. அன்று ஓடிக்கொண்டிருந்தது என்னிடம் இருந்ததிலேயே அதிக லூமன் போட்ட விளக்கு. வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. அது விழவேண்டிய இடத்தில் விழவில்லை, அவ்வளவுதான்.

லூமன் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியேறும் மொத்த வெளிச்சத்தின் அளவு. வீட்டில் மாட்டும் 9 வாட் எல்இடி பல்பின் பெட்டியைப் பாருங்கள், 900 லூமன் சுமாருக்குப் போட்டிருக்கும். அந்த பல்பை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு போனால் உங்கள் சட்டையும் மரக்கிளையும் நன்றாகத் தெரியும், 20 மீட்டர் தள்ளி இருக்கும் பள்ளம் தெரியாது. ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதைச் சொல்வது லக்ஸ். சாலையைப் பார்க்க நமக்கு வேண்டிய கணக்கு அது. நம் ஊரில் விற்கும் பெரும்பாலான பெட்டிகளில் லக்ஸ் இருக்காது, லூமன் மட்டும்தான் பெரிய எழுத்தில் இருக்கும்.

எவ்வளவு தூரம் தெரியவேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். கண் ஒன்றைப் பார்த்து, அது என்னவென்று புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்க இரவில் இரண்டு நொடி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 11 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் சைக்கிள் நிற்க இன்னும் 5 மீட்டர். ஆகமொத்தம் 16. மழையில் ரிம் நனைந்து பிரேக் கட்டை வழுக்கினால் அந்த 5 மீட்டர் 10 ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் என்றால் காய்ந்த சாலையிலேயே 22 மீட்டர் ஆகிவிடும். ஆக, உங்கள் விளக்கு 20 முதல் 25 மீட்டர் வரை சாலையின் மேல்பரப்பைக் காட்டவேண்டும். சாலை இருக்கிறது என்று தெரிந்தால் போதாது, மேடு பள்ளம் தெரியவேண்டும்.

டார்ச் மாதிரி விளக்கு இங்கேதான் தோற்கிறது. தூரம் கூடக் கூட வெளிச்சம் குறைவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாலை சுவர் மாதிரி எதிரே நிமிர்ந்து நிற்பதில்லை, படுத்துக் கிடக்கிறது. வெளிச்சம் அதன்மேல் சாய்வாக வழிந்துதான் விழுகிறது. அதனால் குறைவது இன்னும் வேகமாக நடக்கும். ஒரு மீட்டர் உயரத்தில் மாட்டிய விளக்கு எல்லாத் திசையிலும் ஒரே அளவு வெளிச்சம் அனுப்பினால், 3 மீட்டரில் சாலைமேல் விழுவதில் நூறில் ஒரு பங்குகூட 15 மீட்டரில் விழாது. பக்கத்தில் அவ்வளவு பளீரென்று இருக்கும்போது கண்மணி சுருங்கிக்கொள்ளும். தூரத்தில் விழும் கொஞ்சநஞ்ச வெளிச்சமும் அப்புறம் கண்ணுக்கு எட்டாது. அதனால்தான் இன்னும் அதிக லூமன் வாங்கியும் பலருக்குப் பயன் கிடைப்பதில்லை. கிட்டே இருக்கும் வெள்ளை வட்டம் இன்னும் வெள்ளையாகிறது, தூரத்து இருட்டு இன்னும் கெட்டியாகிறது.

நல்ல சைக்கிள் விளக்கு இதற்கு நேர்மாறாக வெளிச்சத்தைப் பங்கிடும். தூரத்துக்கு நிறைய, பக்கத்துக்குக் கொஞ்சம், அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய ஒன்றுமில்லை. சுவரில் அடித்துப் பார்த்தால் மேல்விளிம்பு கத்தியால் வெட்டின மாதிரி நேர்கோடாக இருக்கும். அந்தக் கோட்டுக்கு ஒட்டிக் கீழேதான் வெளிச்சம் அதிகம், கீழே இறங்க இறங்கக் குறையும். காரின் லோ பீம் மாதிரிதான். ஜெர்மனியில் சைக்கிள் விளக்குக்கே சட்டம் இருக்கிறது. எஸ்டிவிஇசட்ஓ என்று அதன் பெயரைச் சுருக்கிச் சொல்வார்கள். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது, முன்விளக்கு மினுக்கக்கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. அந்த விளக்குகளை லூமனில் விற்க மாட்டார்கள். 10 மீட்டர் தூரத்தில் எத்தனை லக்ஸ் என்று எழுதியிருப்பார்கள். அங்கீகாரம் பெற்றதற்கு அடையாளமாக ஒரு நெளிகோடும் 'கே' என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் விளக்கின் மேலேயே பொறித்திருக்கும். புஷ் அண்ட் முல்லர் என்ற கம்பெனியின் ஐக்யூ-எக்ஸ் 100 லக்ஸ். உங்கள் வேகத்துக்கு அதில் பாதி, 50 லக்ஸ் இருந்தாலே நிம்மதியாக ஓட்டலாம். அந்த ஊரில் வலதுபக்கம் ஓட்டுகிறார்களே, நமக்கு ஒத்துவருமா என்று தோன்றலாம். கார் விளக்குக்கு அந்தப் பிரச்சினை உண்டு. சைக்கிள் விளக்குகளின் ஒளி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும், இடதுபக்கம் ஓட்டும் நமக்கும் சரியாக வரும்.

இந்த முத்திரை உள்ள விளக்குதான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மன் முத்திரை இல்லாமலும் கோடு போட்ட மாதிரி ஒளி தரும் விளக்குகள் வருகின்றன. படத்தைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். உருண்டையான தெளிந்த கண்ணாடி, நடுவில் எல்இடி உங்களையே பார்க்கிறது என்றால் டார்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் படிப்படியாக வரிகள் இருந்தாலோ, எல்இடி முன்னால் தெரியாமல் உள்ளே திரும்பி நின்று ஒரு வளைந்த ரிஃப்ளெக்டர் அதன் ஒளியைத் தூக்கிப் போட்டாலோ, அங்கே யாரோ ஒளியின் வடிவத்தைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். வாங்குமுன் சுவரிலோ சாலையிலோ அடித்த படம் இருக்கிறதா என்று தேடுங்கள். விற்பவர் வெளிச்சத்தின் படத்தைப் போடாமல் விளக்கின் படத்தை மட்டும் போட்டிருந்தால் நான் வாங்கமாட்டேன்.

எதிரே வருபவரின் கண் கூசுவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்லவேண்டும். கேளம்பாக்கம் சாலையில் எதிரே ஹை பீம் போட்டுவரும் காரினால் நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியும். அதே பாட்டை நாம் இன்னொருவருக்குத் தரக்கூடாது. அந்த இன்னொருவர் பெரும்பாலும் காரில் இருக்கமாட்டார். சாலையோரம் நடந்து போகும் கட்டிட வேலைக்காரராகவோ, கடை பூட்டிவிட்டு விளக்கில்லாத பழைய சைக்கிளில் வரும் பெரியவராகவோ இருப்பார். அவர் கண் கூசி ஓரத்து மணலில் இறங்கிவிட்டால் அதற்கு நாம்தான் காரணம். உள்ளூர்ச் சாலையில் தவறான பக்கமாக எதிரே வரும் பைக் ஓட்டுபவரும் நம்மைப் பார்த்து ஒதுங்க முடியவேண்டும் அல்லவா? 2017 ஏப்ரலிலிருந்து விற்கும் பைக், ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. அவற்றுக்கு நடுவே சைக்கிள் ஒன்று வருகிறது என்று தெரிய நிலையான, சுத்தமான ஒரு வெளிச்சம் வேண்டும். கண்ணைக் குத்துவது வேண்டாம், மினுக்குவதும் வேண்டாம். மினுக்கும் விளக்கு எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று எதிரே இருப்பவருக்குக் கணிக்கவே வராது.

கோடு போட்ட ஒளிக்கு ஒரு குறையும் உண்டு. கோட்டுக்கு மேலே இருப்பது தெரியாது. நம் ஊரில் மழைக்காலத்தில் தொங்கும் கேபிள் ஒயர், தாழ்ந்த வேப்பங்கிளை இரண்டும் கழுத்து உயரத்துக்கு வந்துவிடும். மேல்பக்கம் இலேசாக ஒளி சிந்தும் விளக்காக இருந்தால் நல்லது. இல்லையென்றால் புயல், பெருமழைக்கு அடுத்த நாட்களில் மெதுவாகப் போங்கள். ஹெல்மெட்டில் மாட்டும் விளக்கு இதற்கு உதவும், ஆனால் அதை முக்கிய விளக்காக வைத்துக்கொள்ள வேண்டாம். கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் கிளம்பினால் பள்ளத்தின் நிழல் நம் கண்ணுக்கு விழாது, எல்லாம் தட்டையாகத் தெரியும். பள்ளத்தைக் காட்டிக்கொடுப்பதே அந்த நிழல்தான். விளக்கு எவ்வளவு தாழ்ந்து இருக்கிறதோ அவ்வளவு நீளமான நிழல். முன்மட்கார்டுக்கு மேலே, ஃபோர்க்கின் உச்சியில் மாட்ட வழி இருந்தால் ஹேண்டில்பாரைவிட அங்கே மாட்டுங்கள். உங்கள் சைக்கிளில் முன்கூடை இருக்கிறது என்றால் வேறு வழியும் கிடையாது, ஹேண்டில்பாரில் மாட்டினால் பாதி வெளிச்சம் டிபன் பையின் மேல்தான் விழும்.

சரி, பேட்டரிக்கு வருவோம். பொய் அதிகமாக நடமாடும் இடம் இது. 18650 என்பது இந்த விளக்குகளில் போடும் உருளை வடிவ லித்தியம் செல். அதில் ஒன்றே ஒன்று போட்ட விளக்கில் 10,000 லூமன் என்று போட்டிருப்பார்கள். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். அப்படியென்றால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். மிக நல்ல 18650 செல்லில் இருப்பது 3500 மில்லி ஆம்பியர் மணி, அதாவது ஏறக்குறைய 12 வாட் மணி. 100 வாட் இழுத்தால் ஏழெட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடவேண்டும். அந்த விளக்கோ இரண்டு மணி நேரம் எரிகிறது. அப்படியென்றால் அது 10,000 லூமன் இல்லை, 500, 600 இருந்தால் அதிகம். எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் இந்தக் கணக்கை மனதுக்குள் ஒருமுறை போட்டுவிடுங்கள். உங்கள் பயணத்துக்கு நல்ல வடிவத்தில் விழும் 300, 400 லூமன் தாராளம். அந்த அளவில் ஒரு செல் இரண்டரை, மூன்று மணி நேரம் தாங்கும், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும்.

பெட்டியில் எரியும் நேரம் போட்டிருப்பதையும் அப்படியே நம்பவேண்டாம். டார்ச் விளக்குகளுக்கு அமெரிக்கத் தர முறை ஒன்று உண்டு, பல கம்பெனிகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. அதன்படி லூமனை அளப்பது விளக்கைப் போட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிடத்துக்குள். எரியும் நேரத்தை எண்ணுவதோ வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. 'நான்கு மணி நேரம்' என்று போட்ட விளக்கின் கடைசி ஒன்றரை மணி நேரம் வெறும் மினுமினுப்பாகவே இருக்கக்கூடும். கடைசிவரை ஒரே அளவு எரிகிறதா என்பதை வாங்கிய முதல் வாரமே வீட்டில் சோதித்துவிடுங்கள். முழு சார்ஜ் போட்டு, ஃபேன் காற்றில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். ஃபேன் எதற்கென்றால், இந்த விளக்குகள் ஓடும் காற்றில்தான் சூடு ஆறும். காற்றில்லாமல் வைத்தால் சூடாகி அதுவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், கணக்கு தப்பாகிவிடும்.

செல்லைக் கழற்றி மாற்றும் வசதி உள்ள விளக்கு எனக்குப் பிடிக்கும். சென்னைச் சூட்டில் லித்தியம் செல் சீக்கிரம் சோர்ந்துவிடும், முழு சார்ஜோடு வெயிலில் நிற்கும்போது இன்னும் சீக்கிரம். அதனால் விளக்கை ஆபீஸ் பார்க்கிங்கில் சைக்கிளோடு விட்டுவிடாதீர்கள், கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், திருட்டுப் பயமும் இல்லை. இரண்டு வருடம் கழித்து செல் மட்டும் போனால் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அங்கேயும் பார்த்து வாங்கவேண்டும். 9900 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதிய 18650 செல்லைக் காட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அந்த அளவில் அப்படி ஒரு செல்லே கிடையாது. நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாது. எடை 30 கிராம்தான் வருகிறது என்றால் உறைக்குள் சரக்கு குறைவு என்று அர்த்தம்.

விளக்கு எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதை ஐபிஎக்ஸ் என்ற குறியீடு சொல்லும். மழைக்கு ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் எல்லாப் பக்கமும் தெறிக்கும் நீரைத் தாங்கும், சாதாரண மழைக்குப் போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். எண்ணைவிடச் சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடியைப் பாருங்கள். பழுதாவது பெரும்பாலும் அங்கேதான். மூடி இறுக்கமாக, விளக்கின் அடிப்பக்கம் இருக்கவேண்டும். நனைந்து வந்த இரவில் உடனே சார்ஜ் போடாதீர்கள், துடைத்துக் காயவிட்டுக் காலையில் போடுங்கள்.

மழையைப் பற்றிச் சொல்லும்போது இதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். ஈரச் சாலையில் எந்த விளக்கும் பாதிதான் உதவும். காய்ந்த தார் வெளிச்சத்தைச் சிதறடித்துக் கொஞ்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். தண்ணீர் நின்ற தார் கண்ணாடி மாதிரி அதை முன்பக்கமே தள்ளிவிடும், நமக்கு ஒன்றும் திரும்பி வராது. தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கிறதா என்று எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய விளக்கும் காட்டாது. அன்றைக்கு 12, 13 கிலோமீட்டர் வேகம்தான். எதிரே ஹை பீம் வந்தால் அதைப் பார்க்காமல் இடது ஓரத்தின் வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள், கோடு இல்லாத இடத்தில் தாரும் மண்ணும் சேரும் விளிம்பு. நாய், ஆடு, மாடு எல்லாவற்றின் கண்ணும் வெளிச்சம் பட்டால் மின்னும், கண்ணுக்குள் ஒளியைத் திருப்பும் ஒரு படலம் அவற்றுக்கு உண்டு. பன்றிக்கு அது கிடையாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கும் எருமையிடமும் மின்ன ஒன்றும் இருக்காது.

புது விளக்கு வருவதற்கு முன், இருக்கும் விளக்கையே இன்று இரவு திருத்திவிடலாம். சைக்கிளை ஒரு வெள்ளைச் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கு எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். நீங்கள் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு பாருங்கள், எடை ஏறினால் கோணம் மாறும். வட்ட வெளிச்சத்தின் நடு அந்தக் கோட்டின் உயரத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் வரும்படி விளக்கைக் கீழே சாய்க்கவேண்டும். ஜெர்மனியில் பழைய விதி சரியாகப் பாதி என்றே சொன்னது. அப்போது ஒளியின் நடு சாலையில் 10 முதல் 15 மீட்டரில் விழும். விளக்கின் மேல்விளிம்பில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு சிறு கூரை மாதிரி ஒட்டினால் முகத்தில் அடிக்கும் ஒளி நன்றாகக் குறையும். கோடு போட்ட விளக்கு வாங்கிவிட்டீர்கள் என்றால் கணக்கு வேறு. மேல்கோடு விளக்கின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் போதும், அது 50 மீட்டர் வரை போய்ச் சாலையைத் தொடும். ரப்பர் பட்டையால் மாட்டும் வகை ஒவ்வொரு வேகத்தடையிலும் குனிந்துவிடும், திருகி இறுக்கும் கிளாம்ப் உள்ளதாகப் பாருங்கள்.

வெளிச்சத்தின் நிறத்தில் தேர்வு இருந்தால் நீலம் கலந்த வெள்ளையை விட்டுவிட்டு, கொஞ்சம் மஞ்சள் கலந்ததை எடுங்கள். நம் செம்மண்ணும் தாரும் அதில் பிரிந்து தெரிகின்றன என்பது என் அனுபவம், மழைத்துளியும் அவ்வளவு கூசுவதில்லை.

டைனமோ பற்றியும் கேட்டிருந்தீர்கள். டயரில் உரசிச் 'சொய்ங்' என்று ஓடும் பழைய டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதில் 2.4 வாட் முன்பல்புக்கு, மீதி பின்பல்புக்கு. மழையில் டயர் வழுக்கினால் வெளிச்சம் போய்விடும். இப்போது சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் டைனமோ இருக்கிறது. அதே 3 வாட்தான், ஆனால் எல்இடியும் நல்ல கண்ணாடியும் சேர்ந்து அதிலேயே 25 மீட்டர் சாலையைக் காட்டிவிடும், சார்ஜ் என்ற பேச்சே கிடையாது. தினமும் ஓட்டுகிறவருக்கு அதைவிட நல்லது இல்லை. முன்சக்கரத்தையே மாற்றிக் கட்டவேண்டும் என்பதால் உங்கள் 3000 ரூபாய்க்குள் அடங்காது.

அந்த 3000-ஐ நான் செலவழிப்பதாக இருந்தால், 2000, 2200 ரூபாயைக் கோடு போட்ட ஒளியும் திருகுக் கிளாம்பும் உள்ள ஒரு விளக்குக்குக் கொடுப்பேன். அந்த விலைக்குள் அப்படி ஒன்று அமையவில்லை என்றால் உங்கள் பழைய விளக்கையே டேப் ஒட்டி, சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சேர்த்து வாங்குவேன். இன்னொரு டார்ச் வாங்கமாட்டேன். மீதிப் பணத்தில் நிலையாக எரியும் சிவப்புப் பின்விளக்கு ஒன்று, பெடலில் ஒட்டும் ரிஃப்ளெக்டர். மேலும் கீழும் போகும் பெடல் வெளிச்சத்தைப் பார்த்தவுடனே பின்னால் வருபவருக்குச் சைக்கிள் என்று புரிந்துவிடும். புது விளக்கு வந்த பிறகு பழையதைத் தூக்கிப் போடாமல் சார்ஜ் போட்டுப் பையிலேயே வைத்திருங்கள். புதுப்பாக்கம் தாண்டி நடுவழியில் ஒன்று அணைந்தால் மற்றதை மாட்டிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம்.